வளாக வைஃபை: கடவுச்சொல்லா, சான்றிதழா?

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் 1929இல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகம், விடுதிகளும் துறைகளும் நூலகமும் ஒருங்கே அமைந்த உறைவிடப் பல்கலைக்கழகம். கடலூரின் அரசு கலைக் கல்லூரியிலோ காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் மாணவர்கள் ஏராளம். இரு இடங்களுக்கும் வைஃபை தேவை. உள்ளே வருபவர் யார் என்பதை உறுதிசெய்ய, ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சான்றிதழ் வழங்கும் இஏபி-டிஎல்எஸ் முறையே ஏற்றது என்பது இக்கட்டுரையின் வாதம்.

எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் தருவது எளிது. ஆனால் விடுதியில் அது ரகசியமாக நிற்காது. படிப்பு முடித்துப் போனவரை மட்டும் விலக்கவும் வழியில்லை. இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் பிறப்பித்த ஆணை, கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. பொதுக் கடவுச்சொல்லில் அந்தப் பதிவு ஆளைக் காட்டாது. உலாவியில் பெயரும் எண்ணும் கேட்கும் நுழைவுப் பக்கம் ஆளைக் காட்டும்; அதற்கடியில் உள்ள வைஃபை பூட்டில்லாத் திறந்த இணைப்பாகவே பெரும்பாலும் இருக்கிறது.

அடுத்த படி, 2001இல் வெளிவந்த 802.1எக்ஸ் தரம். தனித்தனிக் கணக்குகளை ரேடியஸ் சர்வர் சரிபார்க்கிறது. இதில் பரவலாகப் புழங்குவது கடவுச்சொல்லை நம்பியிருக்கும் பீப்-எம்எஸ்சாப்வி2.

விடுதி மாடியில் ஒருவர் கல்லூரி வைஃபையின் பெயரிலேயே போலி ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றை இயக்குவதாகக் கொள்வோம். பக்கத்து அறைச் செல்பேசி அதில் இணைய முயல்கிறது. அதன் அமைப்புப் பக்கத்தில் ‘சிஏ சான்றிதழ்’ என்ற வரி ‘சரிபார்க்க வேண்டாம்’ என்றிருந்தால், எதிரே இருப்பது கல்லூரி சர்வர்தானா என்று செல்பேசி கேட்பதே இல்லை. கடவுச்சொல்லின் ஹேஷிலிருந்து கணித்த விடையை அப்படியே அனுப்பிவிடுகிறது. அந்த விடையை உடைப்பது 56 பிட் டெஸ் சாவி ஒன்றைத் தேடும் வேலைதான் என்று 2012 டெஃப்கான் மாநாட்டில் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்ட்டனும் காட்டினார்கள். கடவுச்சொல் எத்தனை நீளமானாலும், வலையமைப்பில் அந்தச் செல்பேசிக்காரரின் பெயரில் நுழைய அந்த ஹேஷே போதும்.

இஏபி-டிஎல்எஸ்ஸில் பறிபோகக் கடவுச்சொல்லே இல்லை. கருவியும் சர்வரும் சான்றிதழ் காட்டி ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. செல்பேசி தொலைந்தால் அதன் சான்றிதழை மட்டும் ரத்து செய்யலாம். காலாவதித் தேதியைப் படிப்பு முடியும் மாதத்தோடு பொருத்தலாம்.

சான்றிதழை ஆயிரக்கணக்கான செல்பேசிகளில் ஏற்றுவது பெரும்பாடு என்ற மறுப்பு நியாயமானது. 2002இல் ஐரோப்பாவில் முளைத்து, இந்தியாவில் எர்நெட் வழியாக இயங்கும் எடுரோம் கூட்டமைப்பு இதற்கு விடை கண்டிருக்கிறது: கெட்எடுரோம் செயலி அமைப்புகளைத் தானே பதித்துவிடும். ஆளும் நிதியும் குறைந்த கல்லூரிக்கு இன்னொரு வழியும் உண்டு. கடலூர் மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைவுக்குள் வந்திருப்பதால், சான்றிதழ் வழங்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகமே ஏற்கலாம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் தாக்கிய கரை இது. அப்படியொரு புயலில் வெளித்தொடர்பு அறுந்தாலும் சரிபார்ப்பு நடக்க, ரேடியஸ் சர்வர் ஒன்று அந்தந்தக் கல்லூரியிலும் இருக்க வேண்டும்.

முதலாண்டு மாணவர் சேர்க்கையிலேயே சான்றிதழ் வழங்கத் தொடங்கலாம். பழைய கருவிகளுக்கு, சர்வர் சான்றிதழைச் சரிபார்க்கும் கட்டாயத்தோடு மட்டும் கடவுச்சொல் முறை சில காலம் நீடிக்கலாம். நுழைவுப் பக்கம் விருந்தினருக்கு மட்டும் போதும்.