மணவாளக்குறிச்சியின் கருமணல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் யுகயுகமாக வெயிலிலும் மழையிலும் சிதைந்து ஆறுகளின் வழியே சமுத்திரத்தை அடைய, தென்மேற்குப் பருவக்காற்றில் எழும் பேரலைகள் இலேசான வெண்மணலை வாரிக்கொண்டு போய்க் கனத்த மணலை மட்டும் கரையில் படியவிடுவதால், குளச்சலை அடுத்த மணவாளக்குறிச்சிக் கடற்கரை கறுத்துக் கிடக்கிறது. ஊரார் அதைக் கருமணல் என்பர். இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் முதலிய தாதுக்களோடு, தோரியம் என்னும் கன உலோகத்தைக் கொண்ட மோனசைட்டும் மஞ்சள் நிறச் சிறு மணிகளாக அதில் கலந்திருக்கிறது.

இம்மணலின் விசேஷத்தை உலகம் அறிந்தது கயிற்று வர்த்தகத்தினால் என்பது ஆச்சரியமே. தோரியக் கரைசலில் நனைத்த வலையைச் சுடரின்மேல் மாட்டினால் பிரகாசமான வெண்ணொளி வீசும் என்று ஆஸ்திரிய ரசாயன சாஸ்திரி ஆவர் வான் வெல்ஸ்பாக் கண்டபின், ஐரோப்பிய நகரங்களில் வாயு விளக்குகள் பெருகின. தோரியத்துக்கோ பிரேஸில் மணலையே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. இந்நிலையில், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் அசுத்தமென ஒட்டியிருந்த மணலிலே மோனசைட் இருப்பதை ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் கண்டுகொண்டார். அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் அவருடைய ஆலை எழுந்தது. 1914இல் யுத்தம் மூண்டபின் அவர் கைதாக, லண்டனில் தோன்றிய ஒரு கம்பெனி ஆலையை ஏற்றது.

அங்கு பிரதானமாகப் பணி செய்தது மின்காந்தம். காந்தம் இரும்பைத்தான் இழுக்கும் என்று பொதுவாக நினைக்கிறோம். போதிய பலமுள்ள காந்தமோ வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் மணிகளையும் இனம் பிரித்துவிடும். நீரோட்டத்தால் வெண்மணலை நீக்கி, எஞ்சியதை உலர்த்தி, மெல்லிய படலமாகப் பட்டையின்மேல் ஓடவிட்டால், மிதமான காந்த சக்திக்கே இல்மனைட் எழும்பிவிடும். சக்தியைக் கூட்டினால் கார்னெட் வரும். மோனசைட்டை அசைக்க மிகத் தீவிரமான சக்தி வேண்டும். சிர்க்கானும் ரூட்டைலும் எதற்கும் அசையாமல் பட்டையிலேயே தங்கும். அமிலமோ நெருப்போ இன்றி, எந்த மணியையும் சிதைக்காமல் நடக்கும் பிரிவினை இது. ஈயமும் ஆர்சனிக்கும் கலந்து கெட்ட நிலத்தில் இரும்புத் துகளைக் கலந்து, அதில் விஷ உலோகம் ஒட்டியபின் காந்தத்தால் இழுத்து அகற்றும் இந்நாளைய முறைக்கும் ஆதாரம் இதே தத்துவந்தான்.

மணி சிதையாததன் பெருமை சில ஆண்டுகளிலேயே விளங்கிற்று. மின்விளக்கு பரவப் பரவ மோனசைட்டின் கிராக்கி தளர்ந்தது. அதே காலத்தில் வெள்ளை வர்ணம் செய்ய டைட்டானியம் ஆக்ஸைடைத் தேடிய தொழிலதிபர்கள், மோனசைட்டை எடுத்தபின் வேண்டாததெனக் கழித்த இல்மனைட்டை நாடி வந்தனர். 1922இல் அதன் ஏற்றுமதி தொடங்கிற்று. சிறிது காலத்தில் உலகத் தேவையின் பெரும்பகுதியைத் திருவிதாங்கூரே அளித்தது. ஆனால் மணலாகவே அளித்தது. வர்ணமாக்கி லாபம் கண்டவர்கள் அந்நிய தேசத்தார். மண்ணைத் தோண்டிச் சுமந்த ஜனங்களுக்குக் கூலியும் சமஸ்தானத்துக்கு வரியும் மட்டுமே கிடைத்த அந்த வர்த்தகத்தை, எவ்வளவு செழித்திருந்தபோதிலும், நஷ்டக் கணக்கிலேதான் நான் எழுதுவேன்.

ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபின், அணுசக்திக்கு உதவக்கூடியதென்று தோரியத்தின் மதிப்பு வேறு விதமாக உயர்ந்தது. திருவிதாங்கூர் திவான் சர் சி. பி. ராமஸ்வாமி ஐயர் பிரிட்டனோடு மோனசைட் குறித்துப் பேச்சு நடத்தியதும், இந்திய சர்க்கார் 1946இல் அதன் ஏற்றுமதியைத் தடுத்ததும் அந்தக் காலத்து அரசியலின் முக்கிய நிகழ்ச்சிகள். 1950இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் உருவாகி, 1952இல் ஆலுவாயில் மோனசைட் ஆலையை நேரு திறந்துவைத்தபோது, நாற்பது ஆண்டுகளாக மணலாகவே கப்பலேறிய செல்வத்தை நாமே பக்குவப்படுத்தும் காலம் பிறந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மணவாளக்குறிச்சி அடங்கிய கன்னியாகுமரி ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது. 1965இல் மணவாளக்குறிச்சி ஆலையும் அந்நிறுவனத்தின் வசமாயிற்று.