ஜக்கார்டு பெட்டியை யார் தொடலாம்?

கண்ணமங்கலத்துல எங்க தாத்தா வீட்டுத் தறிக்கு மேல ஒரு ஜக்கார்டு பெட்டி இருக்கும். தறிகிட்ட யார் வேணா உக்காந்து வேடிக்கை பாக்கலாம். ஆனா அந்த அட்டைகளைத் தாத்தாவைத் தவிர யாரும் தொடக்கூடாது. ஒரு அட்டை இடம் மாறினா போதும், பார்டர் டிசைன் கோவிந்தா!

போன மாசம் சர்வர்ல சீரியல் போர்ட்டைத் திறக்கப் போய் "பெர்மிஷன் டினைடு"ன்னு வாங்கிக் கட்டிக்கிட்டப்ப அந்தப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. அவசரத்துல ரூட்டா போய் 666 போட்டுட்டேன். யார் வேணா படி, யார் வேணா எழுது! வேலை நடந்தது. சாயங்காலம் இன்னொருத்தரோட ஸ்கிரிப்டும் அதே போர்ட்ல எழுத, ரெண்டு பேர் டேட்டாவும் குப்பை. மறுநாள் ரீபூட் ஆனதும் என் 666ஐயும் காணோம் :-)

சரி, இந்தப் பூட்டை யார் போட்டாங்க? 1964ல ஐபிஎம் அறிவிச்ச சிஸ்டம் 360லயே ப்ராசஸருக்கு ரெண்டு நிலை உண்டு: சூப்பர்வைசர், ப்ராப்ளம். கருவிகளை இயக்கற கட்டளைகள் முதல் நிலையில மட்டும்தான் செல்லும். 1973ல சென்னை ஐஐடிக்கு வந்த 370/155ம் அதே வம்சம்தான். நம்ம ப்ரோகிராம் பிரிண்டர்கிட்ட நேரா பேச முடியாது, ஆபரேட்டிங் சிஸ்டத்துகிட்ட மனு போடணும். ஒரே மெஷின்ல பல பேர் வேலை ஓடும்போது வேற வழி இல்ல.

யூனிக்ஸ்ல கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் கருவிகளையும் ஃபைலாவே காட்டினாங்க. அதனால ஓனர், குரூப், மத்தவங்கன்னு ஃபைலுக்கு இருக்கற அதே அனுமதி டிஸ்க்குக்கும் போர்ட்டுக்கும் பொருந்துச்சு. டெபியன் லினக்ஸ்ல சீரியல் போர்ட்டுக்கு 'டயல்அவுட்' குரூப், டிஸ்க்குக்கு 'டிஸ்க்' குரூப். ரெண்டாவதுல ஜாக்கிரதை: டிஸ்க்கை நேரா படிக்க, எழுத முடிஞ்சா ஃபைல் பெர்மிஷனுக்கு மதிப்பே இல்ல. கிட்டத்தட்ட ரூட் சாவியையே குடுத்த மாதிரி.

2003ல யூடெவ் வந்தப்புறம் கருவி தெரியறப்பல்லாம் விதிப்படி அனுமதி போடப்படுது. என் 666 காணாமப் போனது அதனாலதான். 2012ல லினக்ஸ் கெர்னல்ல விஎஃப்ஐஓ சேர்ந்தது. மெமரியை நேரா தொடற கார்டை சாதாரண யூசருக்குக் குடுத்தாலும், ஐஓஎம்எம்யு அவரோட எல்லையைத் தாண்ட விடாது.

கடைசில நான் செஞ்சது ஒரே வரி வேலை: என் யூசரை டயல்அவுட்ல சேர்த்து, வெளியே போய் திரும்ப லாகின். முதல் நாளே செஞ்சிருந்தா ஒரு நாள் டேட்டா தப்பிச்சிருக்கும்.