ஒளிமானி இல்லாத ஒரு மாலை

1941ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மாலை. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில், சாமா நதிப் பள்ளத்தாக்கிலிருந்து ஆன்ஸல் ஆடம்ஸ் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். உடன் எட்டு வயது மகன் மைக்கேலும் நண்பர் செட்ரிக் ரைட்டும். அன்று எடுக்க நினைத்த படங்கள் சரியாக அமையாத சலிப்பு அவருக்கு. ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரைக் கடக்கும்போது அந்தக் காட்சி கண்ணில் பட்டது. கிழக்கே பனிமலைகளுக்கும் மேகத்திரளுக்கும் மேலே நிலா ஏறியிருந்தது. மேற்கே இறங்கும் சூரியனின் கடைசி வெளிச்சம் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளை வெண்மையாக்கிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தி, எட்டுக்குப் பத்து அங்குலக் காமிராவை அவசர அவசரமாகப் பூட்டினார். எல்லாம் தயார். ஒளிமானியை மட்டும் காணவில்லை.

தேடுவதற்கு நேரமில்லை. மனதுக்குள் கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்காகப் பிலிமைத் திருப்புவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெளிச்சம் போய்விட்டது. அந்த ஒற்றை நெகட்டிவ்தான் 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்' என்று உலகம் அறிந்த படம்.

இந்தக் கதையை மேதைமையின் உள்ளுணர்வுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதே வழக்கம். ஆனால் அந்த மாலையில் நிகழ்ந்ததை உள்ளுணர்வு என்று சொல்லிவிட முடியுமா? அதற்கு விடை காண, ஒளியைக் கணிப்பதில் மனிதர்கள் பட்ட பாட்டைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஒளியை அளப்பதற்கு நம் கண் லாயக்கற்றது. நண்பகல் வெயிலுக்கும் வீட்டுக் கூடத்து வெளிச்சத்துக்கும் பல நூறு மடங்கு வித்தியாசம் உண்டு. ஆயினும் இரண்டு இடத்திலும் நம்மால் சிரமமின்றிச் செய்தித்தாள் படிக்க முடிகிறது. பாப்பா சுருங்கியும் விரிந்தும், விழித்திரை தன்னைத் திருத்திக்கொண்டும் அந்த வித்தியாசத்தை நம்மிடமிருந்து மறைத்துவிடுகின்றன. வாழ்வதற்கு இது பெரும் வரம். படம் எடுப்பவனுக்கோ இது சாபம்.

1839இல் டாகேரின் முறை வெளியானபோது இந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. நிமிடக்கணக்கில் ஒளி காட்ட வேண்டியிருந்ததால், சில நொடிகள் கூடினாலும் குறைந்தாலும் பாதகமில்லை. பின்னர் வந்த ஈரக் கொலோடியன் முறையில் தகட்டை ஈரம் காய்வதற்குள் அங்கேயே கழுவ வேண்டும். தவறு உடனே கண்முன் தெரியும். அடுத்த தகட்டில் திருத்திக்கொள்ளலாம். கைப்பழக்கமே ஆசிரியர்.

சிக்கல் 1870களில் வந்த ஜெலட்டின் உலர்தகடுகளோடு தொடங்கியது. தகடு தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஒளி காட்டும் நேரம் நொடியின் பின்னங்களாகச் சுருங்கியது. எடுத்த படத்தை நாட்கள் கழித்து, வேறோர் ஊரில் கழுவ முடிந்தது. வசதி கூடியதுதான்; ஆனால் தவறு செய்த இடத்திலேயே அதைப் பார்க்கும் வாய்ப்பு கைநழுவிப் போயிற்று. போதாக்குறைக்கு அக்காலத் தகடுகள் பெரும்பாலும் நீல ஒளியை மட்டுமே உணர்ந்தன. கண்ணுக்குப் பொன்னாகப் பொலியும் மாலை வெயில் அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டு.

இங்கிலாந்தின் விட்னெஸ் நகரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பணிபுரிந்த இருவர் இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தார்கள். ஃபெர்டினண்ட் ஹர்ட்டர் சுவிட்சர்லாந்தில் பிறந்த வேதியியலாளர். வீரோ டிரிஃபீல்ட் பொறியாளர். தகட்டின் வேகத்தை எண்ணாக்கும் முறையை இவர்கள் 1890இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 1888இல், 'ஆக்டினோகிராஃப்' என்றொரு கருவிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். நழுவுசட்டக் கணிப்பானைப் போன்ற பெட்டி அது. அந்த இடத்தின் அட்சரேகைக்கு உரிய அட்டவணையில் மாதத்தையும் மணியையும் பார்த்து, தகட்டின் வேகம், லென்ஸின் துளை, வானத்தின் நிலை ஆகியவற்றோடு பொருத்தினால் விடை கிடைக்கும். அது ஒளியை அளக்கவே இல்லை. பஞ்சாங்கம் பார்த்து நாழிகை சொல்வது போன்ற காரியம்.

அவர்களுடைய அடிப்படை எளிது. கண் ஏமாற்றும், சூரியன் ஏமாற்றாது. ஆண்டு முழுவதும் பூமியை வந்தடையும் வெயிலின் வலிமை ஏறக்குறைய ஏழு சதவிகிதத்துக்குள்தான் மாறுகிறது. மற்ற வேறுபாடுகள் சூரியனின் உயரத்தாலும் மேகத்தாலும் நேர்பவை. பின்னாளில் பிலிம் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்ட சிறு தாள்களும், 'சன்னி 16' என்று பெயர் பெற்ற விதியும் இந்த வேரிலிருந்து கிளைத்தவையே. தெளிந்த வெயிலில் துளை எஃப் 16. ஷட்டர் வேகம் பிலிமின் வேக எண்ணில் ஒன்றின் கீழ். நிழலின் விளிம்பு மங்கினால் எஃப் 11. நிழலே விழவில்லையென்றால் எஃப் 8. வானம் அடர்ந்து மூடியிருந்தால் எஃப் 5.6. ஒளிமானியின்றிப் படமெடுக்கக் கற்றவன் வெளிச்சத்தின் பிரகாசத்தை நம்புவதில்லை. தரையில் விழும் நிழலின் விளிம்பைப் படிக்கிறான்.

1932இல் வெஸ்டன் நிறுவனம் செலினிய மின்கலம் பொருத்திய ஒளிமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முள் அசைந்தது, ஒளி எண்ணாயிற்று. மனிதர்கள் நிழலைப் பார்ப்பதை விட்டுவிட்டு முள்ளைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஆடம்ஸ் அப்படிச் செய்யவில்லை. ஃப்ரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து அவர் வகுத்த 'ஸோன்' முறை, கறுப்பிலிருந்து வெள்ளை வரையுள்ள பரப்பைப் பதினொரு படிகளாகப் பிரித்து, காட்சியின் எந்தப் பகுதி எந்தப் படியில் அமர வேண்டும் என்பதைப் படமெடுப்பவரே தீர்மானிக்கச் சொன்னது. முள் தகவல் தரும், முடிவு சொல்லாது.

இப்போது ஹெர்னாண்டஸுக்குத் திரும்புவோம். முழுநிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது ஆடம்ஸுக்கு நினைவிலிருந்தது. நிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறைதான். நம் ஊர் வெயில் மாறாத அளவுக்கு அதன் வெயிலும் மாறாது. அந்த 250ஐ ஏழாம் படியில் வைத்தால், நடுச்சாம்பலான ஐந்தாம் படிக்கு ஏறக்குறைய 60 வரும். ஏ.எஸ்.ஏ. 64 பிலிமுக்கு எஃப் 8இல் நொடியில் அறுபதில் ஒரு பங்கு. லென்ஸில் மாட்டியிருந்த ஃபில்டருக்கு மூன்று மடங்கு. ஆக இருபதில் ஒரு பங்கு. துளையை எஃப் 32க்குக் குறுக்கினால் பதினாறு மடங்கு. ஏறத்தாழ ஒரு நொடி.

இந்தக் கணக்கு நிலவுக்குச் சரி. சிலுவைகளுக்கும் முன்னிருந்த புதர்நிலத்துக்கும்? அவற்றின் ஒளிர்வு அவர் மனப்பாடத்தில் இல்லை. நெகட்டிவில் முன்னிலம் மெலிந்தே பதிந்தது. நீர்த்த டெவலப்பரிலும் தண்ணீரிலும் மாற்றி மாற்றி வைத்து அதைக் காப்பாற்றினார். அப்படியும் பிரிண்ட் போடுவது பெரும்பாடாகவே இருந்தது. 1948இல் முன்னிலப் பகுதியை மட்டும் ரசாயனத்தால் அடர்த்தியாக்கினார். அதாவது, அன்று அவர் அறிந்திருந்த இடத்தில் கணிப்பு துல்லியமாக இருந்தது. அறியாத இடத்தில் பிழைத்தது. உள்ளுணர்வு இவ்வாறு கோடு கிழித்தாற்போல் நடந்துகொள்வதில்லை. அளந்து அளந்து நினைவில் சேர்த்த அறிவுதான் தன் எல்லையில் வந்து நிற்கும்.

ஒளிமானி இல்லாமல் கணிப்பதை அளவைக்கு எதிரான கலையாகப் போற்றுபவர்கள் இதை நினைவில் கொள்ளலாம். கருவியின்றி நின்ற அந்த நிமிடத்தில் ஆடம்ஸுக்குக் கைகொடுத்தவை, கருவியோடு கழித்த ஆண்டுகள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படத்தை எந்த ஆண்டு எடுத்தோம் என்பது அவருக்கு நினைவில்லை. 1940 முதல் 1944 வரை வெவ்வேறு ஆண்டுகளைக் குறித்திருக்கிறார். அவர் மறைந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1991இல், டென்னிஸ் டி சிக்கோ என்ற வானியல் ஆர்வலர் நிலவின் இடத்தைக் கணித்துத் தேதியையும் நேரத்தையும் சொன்னார்: 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம். நிலவின் ஒளியை மறக்காதவர் மறந்துவிட்ட நாளை அதே நிலாவைக் கொண்டுதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.