மூணு டிவி, ஒரு வயர்

ராயப்பன்பட்டியில் ஒரே வீட்டுக்குள் மூணு டிவி இருந்தால் யாரும் அதைப் பணக்காரத்தனம் என்று சொல்ல மாட்டார்கள். வாங்கினது ஒண்ணு, கொடுத்தது ஒண்ணு, தூக்கிப்போட மனசு வராதது ஒண்ணு என்று தானாகச் சேர்ந்துவிடும். எங்கள் வீட்டுக் கணக்கு இது: அப்பத்தா அறையில் அரசு கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி, நடுவீட்டில் ஒரு எல்சிடி, மாடியில் தம்பியின் ஸ்மார்ட் டிவி. இதோடு ஒரு ஹார்ட் டிஸ்க். அதற்குள் 1991இல் நடந்த அப்பா அம்மா கல்யாணம், மாதா கோயில் சப்பரப் பவனி, தங்கச்சியின் புதுநன்மை, திராட்சைத் தோட்டத்தில் எடுத்த துண்டு வீடியோக்கள். தாத்தாவின் குரல் பதிவாகியிருப்பது அந்தக் கல்யாணக் கேசட்டில் மட்டும்தான்.

கேள்வி சின்னது. இதையெல்லாம் மூணு டிவியிலும் பார்க்க எந்தப் பெட்டியை வாங்கலாம்? கடைக்காரர் விலையில் ஆரம்பிப்பார். நான் வரலாற்றில் ஆரம்பிக்கச் சொல்வேன். ஏனென்றால் இந்தக் கணக்கை நம்ம ஊர்கள் ஏற்கெனவே ஒருமுறை போட்டு முடித்திருந்தன. பிறகு அது கைவிட்டுப் போனது.

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. டிவி அலை நேர்கோட்டில் போகும். மலை குறுக்கே நின்றால் படம் வராது. கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றி மலைதான். கொடைக்கானல் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகுதான் தென்மாவட்டங்களில் வீட்டு ஆன்டெனாவுக்கு மரியாதை வந்தது. ஆனால் தூர்தர்ஷனில் நம்ம வீட்டுப் படம் வராதே? அதற்கு வந்தது டெக். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நாட்டில் கலர் டிவி பரவியது, கூடவே வீடியோ டெக்கும். டெக்குக்குள் ஒரு சின்ன ஒளிபரப்பு நிலையமே இருந்தது என்று சொல்லலாம். கேசட்டில் உள்ள படத்தை அது ஒரு சானலாக மாற்றி ஆன்டெனா வயர் வழியாக டிவிக்குள் அனுப்பும். டிவிக்கு அது தூர்தர்ஷனா, நம்ம வீட்டுக் கல்யாணமா என்ற பேதமே தெரியாது.

கேபிள்காரர்கள் பெருசாகச் செய்ததும் இதைத்தான். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. தெருத் தெருவாகக் கறுப்பு வயர் ஓடியது. கட்டுப்பாட்டு அறையில் டிஷ்ஷில் வரும் ஒவ்வொரு சானலுக்கும் ஒரு மாடுலேட்டர். அந்த வரிசையிலேயே ஒரு டெக்கையும் மாட்டினால் அது லோக்கல் சானல். எங்கள் ஊரில் கல்யாணக் கேசட்டைக் கேபிள்காரரிடம் கொடுத்தால் சாயங்காலம் ஊரே பார்த்தது. வீட்டுக்குள் ரெண்டாவது டிவி இருந்தால் ஒரு ஸ்ப்ளிட்டர் போதும். ரெண்டாகப் பிரித்தால் சிக்னல் பாதியாகும், படத்தில் கொஞ்சம் புள்ளி விழும், அவ்வளவுதான். பெட்டி கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. யோசித்துப் பாருங்கள், ஊர் முழுக்க ஸ்ட்ரீமிங்!

அடுத்து 2006. செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவசக் கலர் டிவி திட்டத்தில் 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட டிவிகள் வீடுகளுக்குப் போயின. டிவி இலவசம், வயர் இலவசமில்லை என்று அப்போதே பேச்சு இருந்தது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. ஏற்கெனவே டிவி இருந்த வீடுகளில் இலவச டிவிதான் ரெண்டாவது டிவி. பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களுக்கு.

அந்த ரெண்டாவது டிவியை இருட்டாக்கியது டிஜிட்டல் மாற்றம். 2011இல் கேபிள் சட்டம் திருத்தப்பட்டு, கட்டம் கட்டமாகக் கிராமங்கள் வரை வந்தது. கடைசிக் கட்டத்துக்குக் கெடு 2017 மார்ச் 31. படம் தெளிவானது உண்மை. ஆனால் சானல்கள் பூட்டப்பட்டன. பூட்டைத் திறக்க டிவிக்கு ஒரு செட்டாப் பாக்ஸ் வேண்டும், ரெண்டாவது டிவிக்கு ரெண்டாவது பெட்டி வேண்டும். ஸ்ப்ளிட்டர் செத்தது. எங்கள் வீட்டில் பெட்டி நடுவீட்டுக்குப் போனது, அப்பத்தாவின் டிவி மேல் துணி மூடியது.

இதே ஆண்டுகளில் வெளியே வேறொரு கதை நடந்தது. 2002இல் சில பொழுதுபோக்கு நிரலாளர்கள் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியின் பூட்டை உடைத்து, அதில் வீடியோ ஓடவைக்கும் மென்பொருள் ஒன்றை எழுதினார்கள். எக்ஸ்பிஎம்சி என்று வளர்ந்த அது 2014இல் கோடி என்று பெயர் மாறியது. அதிலிருந்து 2008 வாக்கில் பிளெக்ஸ் கிளைத்தது. அதே 2008இல் ரோக்கு, 2013 ஜூலையில் 35 டாலருக்குக் கூகுளின் குரோம்காஸ்ட். எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடியபோது, 2018 டிசம்பரில் சிலர் பழைய திறந்த நிரலை எடுத்துக்கொண்டு ஜெல்லிஃபின் என்று பிரிந்தார்கள்.

இவற்றில் எது வேண்டும் என்பதை 2025 மார்ச் 9 தெளிவாகச் சொல்லிக்கொடுத்தது. அன்று உலகமெங்கும் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட்கள் படுத்துவிட்டன. உள்ளே பதிந்திருந்த பத்தாண்டு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதுதான் காரணம். சில நாட்களில் கூகுள் சரிசெய்தது. ஆனாலும் பாருங்கள், டிவி நல்லா இருக்கு, வைஃபை நல்லா இருக்கு, குச்சியும் நல்லா இருக்கு. எங்கேயோ ஒரு தேதி முடிந்ததால் படம் இல்லை. கேபிள்காரரிடம் இருந்த சாவி இப்போது கடல்தாண்டிப் போயிருக்கிறது.

என் கட்சி இதுதான்: வீட்டுப் படத்துக்கான பெட்டியை, அந்த வீட்டின் புத்தம்புது டிவியை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஆகப் பழைய டிவியை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்டர்நெட் போன நாளையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

பழைய டிவியில் எச்டிஎம்ஐ கிடையாது. மஞ்சள், வெள்ளை ஏவி முனைகள்தான். இன்றைய குச்சிகள் எல்லாம் எச்டிஎம்ஐ. நடுவில் எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் கன்வெர்ட்டர் போடலாம், அல்லது ராஸ்பெர்ரி பை வாங்கலாம். பை 3 மாடலின் ஆடியோ ஜாக்கிலேயே ஏவி படமும் வரும். பை 5இல் அந்த ஜாக்கே இல்லை. ஜாக்கில் மாட்டும் மூணு முனை வயர் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது, கேட்டு வாங்கணும்.

அடுத்தது ஃபைலின் மொழி. கேசட்டை ஸ்டுடியோவில் கொடுத்து டிவிடி ஆக்கியிருந்தால் உள்ளே இருப்பது எம்பெக்-2. பல குச்சிகளுக்கு அது நேரடியாகப் புரியாது. சர்வர் உடனுக்குடன் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். அதனால் பலம் சர்வரில் இருக்கணும். நாங்கள் பழைய லேப்டாப் ஒன்றில் ஜெல்லிஃபின் போட்டோம். அப்பத்தா அறையில் பை 3, அதில் கோடி. எல்சிடிக்கு ஒரு ஆண்ட்ராய்டு குச்சி, மாடி டிவிக்கு வெறும் ஆப். 4கே பற்றி யாராவது பேசினால் சிரித்துவிட்டு நகருங்கள். டிவிடி தரத்துக்கு நொடிக்கு 10 மெகாபிட் தாராளம். மூணு டிவியும் ஒரே நேரத்தில் ஓடினாலும் 30தான். கான்கிரீட் சுவருக்குள் வைஃபை திணறியதால், பழைய கேபிள் வயர் போன துளை வழியாகவே லேன் வயரை இழுத்தோம்.

வாங்கும் முன் ஒரு சோதனை. ரவுட்டரில் வெளியிலிருந்து வரும் இன்டர்நெட் வயரை மட்டும் பிடுங்குங்கள். வீட்டுக்குள் படம் ஓடுகிறதா? ஓடினால் அது உங்கள் பெட்டி. லாகின் கேட்டு நின்றால் அது இரவல் பெட்டி, அவ்வளவு விலை கொடுத்தாலும்.

அப்பத்தாவுக்கு இதில் எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தாத்தா பந்தி விசாரிக்கும் இடம் வந்தால் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார். மாடியில் தம்பி வேறு படம் பார்த்துக்கொண்டிருப்பான்; அதனால் இவருக்குத் தடங்கல் இல்லை.

பெட்டி வாங்குவதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. டெக் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. இருக்கிற டெக்குகளும் ரிப்பேருக்கு ஆள் இல்லாமல் ஒவ்வொன்றாக நிற்கின்றன. பீரோவுக்குள் டேப்பில் பூஞ்சை ஏறுகிறது. முதலில் கேசட்டை ஃபைலாக்கி, ரெண்டு இடத்தில் நகல் வையுங்கள். எந்தப் பெட்டி என்பதை அப்புறம் நிதானமாகப் பேசிக்கலாம்.