நீச்சல் குளத்து பம்ப்பும் தோல் சாயக்காரரும்

புனேயில் எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்து பம்ப் போன மாதம் உயிரை விட்டது. மெக்கானிக் பிரித்துக் காட்டினார்: சீல் கருகி, தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கி, காயிலும் அவுட். வடிகட்டிக் கூடையின் மூடியிலுள்ள ரப்பர் வளையம் வெடித்து, காற்றை இழுத்துக்கொண்டே ஓடியிருக்கிறது. வளையம் 300 ரூபாய். அதற்கு வந்த வவுச்சரை "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று நிறுத்தி வைத்த பொருளாளர் அடியேன்தான். புது பம்ப் 22,000.

பி.காம். படித்தவனுக்கு பம்ப்பைப் பற்றி என்ன தெரியும் என்று தேடப்போய் சரித்திரத்தில் மாட்டிக்கொண்டேன். சுழலும் சக்கரம் தண்ணீரை வெளிப்பக்கம் விசிறுகிறது. நடுவில் அழுத்தம் குறைந்து மேலும் தண்ணீர் வருகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். காற்று, தண்ணீரைவிட சுமார் 800 மடங்கு லேசு. அதை விசிறினால் இழுப்பு ஏது? சீலுக்குக் குளிர்ச்சிதான் ஏது?

17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தெனி பாப்பின் இப்படி ஒரு பம்ப் செய்தார், நேரான இறக்கைகளோடு. 1851 லண்டன் மகா கண்காட்சியில் ஜான் அப்பால்ட் இறக்கையை வளைத்துக் காட்டினார். சோதனையில் 68 சதவீதத் திறன். நேர் இறக்கைக்கு அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அப்பால்டின் தொழில்? ரோமத் தோலுக்குச் சாயம் போடுவது! (பேங்க்காரன் மோட்டார் பேசினால் சிரிப்பவர்கள் கவனிக்க.)

இந்தப் பக்கம், 1910-ல் கிர்லோஸ்கர்வாடியை அமைத்த லக்ஷ்மண்ராவ் கிர்லோஸ்கர் கலப்பையில் ஆரம்பித்து பம்ப்புக்கு வந்தார். நம்ம கோவைக்கு 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தது. கிணற்று மோட்டார் தொழிலும் வளர்ந்தது.

புது பம்ப்பின் தகட்டில் 'கோயம்புத்தூர்' என்றிருந்தது. கூடவே உபரியாக இரண்டு ரப்பர் வளையம் கேட்டார் மெக்கானிக். வவுச்சரில் அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.