முன்னால் மிதித்தவர்கள்

சாலைச் சைக்கிள் பந்தயம் தொடங்கிய காலத்தில் அதை நடத்தியவர்களுக்கு இருந்த பெரிய கவலை, ஒரு வீரர் இன்னொருவருக்கு உதவிவிடுவாரோ என்பதுதான். பிரிட்டனில் 1890-களில், போலீஸ் தொல்லைக்கு அஞ்சி, கூட்டமாகப் புறப்படும் சாலைப் பந்தயங்களைச் சைக்கிள் சங்கங்கள் கைவிட்டன. வீரர்களை இடைவெளிவிட்டு ஒவ்வொருவராக அனுப்பும் டைம் டிரயல் அந்த இடத்தைப் பிடித்தது. தனி ஆளும் கடிகாரமும் மோதுவதே நேர்மையான போட்டி என்ற எண்ணமும் அதோடு வேர்விட்டது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கிலும் இதே முறைதான். மேலாரன் ஏரியைச் சுற்றி 300 கிலோமீட்டருக்கும் மேல் ஓட வேண்டிய அமெச்சூர் வீரர்களை அதிகாலை 2 மணியிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருவராக அனுப்பினார்கள். நாடுகளுக்கான அணிப் பதக்கமும் உண்டு. ஆனால் அது நான்கு பேரின் நேரத்தைக் கூட்டிப் போட்ட கணக்கே தவிர, அந்த நால்வரும் சேர்ந்து ஆடிய ஆட்டம் அல்ல.

தொழில்முறைப் பந்தயத்தில் இந்தக் கண்டிப்பு இன்னும் கடுமையாக இருந்தது. டூர் தெ பிரான்சைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்ச், வீரர் தன் கையையும் காலையும் மட்டுமே நம்ப வேண்டும் என்றார். 1913-இல் டூர்மலே மலை இறக்கத்தில் யூஜேன் கிறிஸ்தோஃபின் முன்கவை முறிந்தது. அவர் சைக்கிளைச் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஒரு கொல்லன் பட்டறையை அடைந்தார். நடுவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இரும்பைக் காய்ச்சி அடித்துத் தானே பொருத்தினார். ஒரு சிறுவன் துருத்தி ஊதியதற்காக அவருக்குத் தண்டனை நேரம் விதிக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1911-இல், மொரீஸ் புரொக்கோ சக வீரர் ஒருவருக்கு முன்னால் மிதித்து உதவியபோது, அவரை வெறும் ஏவலாள் என்று தெக்ராஞ்ச் ஏசி எழுதினார். இத்தனை கண்டிப்பும் கடைசியில் தோற்றது. 1930-இல் அதே தெக்ராஞ்ச் தேசிய அணிகளை டூருக்குள் கொண்டுவந்தார். அந்த ஆண்டு கலிபியே இறக்கத்தில் விழுந்த ஆன்ட்ரே லெதுக்கைப் பிரெஞ்சு அணியினர் சேர்ந்து இழுத்துப்போய் முன்னணியில் விட்டார்கள். பட்டம் லெதுக்குக்கே கிடைத்தது. விதி ஏன் தோற்றது? வீரர்களிடம் ஒழுக்கம் குறைந்ததாலா, பணம் புகுந்ததாலா? இரண்டுமே காரணமல்ல என்பதே என் வாதம். கூட்டாக ஓடுவது இந்தப் பந்தயத்தின் இயல்பு. காசு வாங்காத அமெச்சூர்களின் வரலாறுதான் அதற்குச் சிறந்த சான்று.

இயல்பு என்று சொல்வதற்குக் காரணம் காற்று. சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைப் பிளப்பதற்கே போய்விடுகிறது. வேகம் கூடக்கூட இந்தச் சுமை வேகத்தின் கனவிகிதத்தில் ஏறுகிறது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு ஒரு முழ இடைவெளியில் ஒட்டிக்கொண்டால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். காற்று பக்கவாட்டில் வீசினால் நேர் பின்னால் மறைவு இருக்காது. சற்று ஒதுங்கி, சாய்வரிசையில் போக வேண்டும். சாலை அகலம் முடியும் இடத்தில் அந்த வரிசையும் முடிந்துவிடும். அதற்குமேல் இடம் கிடைக்காதவர் காற்றில் அல்லாடிப் பின்தங்குவார். பந்தயத் தந்திரங்கள் எல்லாம் இந்த எளிய கணக்கிலிருந்து கிளைத்தவை. மறைவில் இருப்பவர் சேமிக்கிறார், முன்னால் மிதிப்பவர் செலவழிக்கிறார். யாருக்காக யார் செலவழிப்பது என்று ஒரு நொடிக்குள் முடிவு செய்தாக வேண்டும். எதிரிகள்கூட முறைபோட்டு முன்னால் வந்து மிதித்தால்தான் பெருங்கூட்டத்திலிருந்து தப்ப முடியும். எந்த விதியும் காற்றை ஒழிக்க முடியாது. ஆட்களைத் தனித்தனியே பிரித்து அனுப்பத்தான் முடியும். பிரித்து அனுப்பினால் அது வேறு விளையாட்டு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சம்பளம் வாங்குகிறவன் தலைவனுக்காக உழைப்பான். சம்பளமே இல்லாத அமெச்சூர், இன்னொருவன் கழுத்தில் மாலை விழுவதற்காக ஏன் தன் வாய்ப்பைக் கைவிட வேண்டும்? புரொக்கோகூடத் தன் உதவியை விலைக்கு விற்றார் என்பதுதானே குற்றச்சாட்டு? இதற்குப் பதில் இரும்புத் திரைக்குக் கிழக்கே கிடைக்கிறது. 1948-இல் வார்சாவுக்கும் பிராகுக்கும் இடையே தொடங்கி, 1952-இல் பெர்லினையும் சேர்த்துக்கொண்ட அமைதிப் பந்தயம், அமெச்சூர் வீரர்களின் மிகப் பெரிய பல நாள் பந்தயமாக வளர்ந்தது. நிறுவனங்களின் பெயரில் அல்ல, நாடுகளின் பெயரில் அணிகள் வந்தன. தனிநபர் பட்டத்துக்கு இணையாக அணிப் பட்டமும் மதிக்கப்பட்டது. கிழக்கு ஜெர்மனியின் குஸ்டாவ் அடோல்ஃப் ஷூர் 1955-இலும் 1959-இலும் அதை வென்றார். 'டேவ' என்று மக்கள் செல்லமாக அழைத்த அவர், 1958, 1959 இரண்டு ஆண்டுகளும் அமெச்சூர் உலகச் சாம்பியன்.

1960 ஆகஸ்டில் உலகச் சாம்பியன் போட்டி அவர் நாட்டிலேயே, சாக்சன்ரிங் என்னும் மோட்டார் பந்தயப் பாதையில் நடந்தது. மூன்றாவது பட்டத்தைப் பார்க்கவே ஜனத்திரள் கூடியிருந்தது. கடைசிக் கட்டத்தில் முன்னால் மூவர்: ஷூர், அவருடைய அணித் தோழர் பெர்ன்ஹார்ட் எக்ஸ்டைன், பெல்ஜியத்தின் வில்லி வான்டன்பெர்கன். இந்த மூவரும் நின்ற நிலையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பெல்ஜியருக்கு அஞ்ச வேண்டிய ஆள் ஷூர்தான். ஆகவே அவர் கண் ஷூரைவிட்டு அகலவில்லை. அந்த வேளையில் எக்ஸ்டைன் பாய்ந்தார். துரத்தினால், பின்னால் மறைவில் சேமித்துக்கொண்டே வரும் ஷூர் முடிவில் தாண்டிவிடுவார். துரத்தாவிட்டால் எக்ஸ்டைன் போய்விடுவார். ஷூரே துரத்துவார், சொந்த மண்ணில் மூன்றாவது பட்டத்தை அவர் விடமாட்டார் என்று வான்டன்பெர்கன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஷூர் துரத்தவில்லை. எக்ஸ்டைன் தனியாகக் கோட்டைக் கடந்தார். ஷூர் பெல்ஜியரை முந்தி இரண்டாவதாக வந்தார். தன் புகழையே தூண்டிலாக்கி எதிரியைக் கட்டிப்போட்டு, வெற்றியைத் தோழரிடம் விட்டார் அவர்.

இது அரசு ஊதிப் பெருக்கிய கதை என்று சிலர் ஒதுக்குவார்கள். கிழக்கு ஜெர்மன் அரசு இந்த நிகழ்வைச் சோசலிசத் தோழமையின் சின்னமாக்கியது உண்மை. ஷூர் அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அந்நாட்டு வீரர்களை அரசு பேணியதால் அவர்கள் அசல் அமெச்சூர்களே அல்ல என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பிரச்சாரம் வந்தது பந்தயம் முடிந்த பிறகு. சாலையில் நடந்ததை அது உண்டாக்கவில்லை. அரசின் ஆதரவு ஷூருக்கும் கிடைத்தது, எக்ஸ்டைனுக்கும் கிடைத்தது. தோழருக்கு வழிவிட்டதற்காக ஷூருக்கு எந்த ஒப்பந்தமும் கூலி தரவில்லை. மூன்றாவது பட்டம்தான் கைநழுவியது. தியாகமா, கணக்கா என்று பிரிக்கப் பார்ப்பதும் பிழை. ஷூர் துரத்தியிருந்தால் பெல்ஜியர் அவர் மறைவில் ஒட்டிக்கொண்டு வந்து, மூவரும் மீண்டும் ஒன்றாகியிருப்பார்கள். இருவருமே தோற்கும் வாய்ப்பு திறந்திருக்கும். அணிக்கு உறுதியான வெற்றி, தனக்கு உறுதியற்ற வெற்றி என்ற இரண்டில் அவர் முன்னதை எடுத்தார். நல்ல தந்திரமும் நல்ல குணமும் அங்கே ஒரே செயலாக இருந்தன.

வலுவானவர்தானே வெல்ல வேண்டும், அணி சேர்ந்து அதைக் கெடுப்பது அநீதி அல்லவா என்பது இன்னொரு மறுப்பு. வலு என்பதை நுரையீரலிலும் தொடையிலும் மட்டும் அளந்தால் அநீதிதான். அந்த அளவுகோலுக்கென்றே டைம் டிரயல் இருக்கிறது. அங்கே முன்னால் போகிறவரின் மறைவில் ஒதுங்குவது இன்றும் குற்றம். சாலைப் பந்தயம் அளப்பது வேறு திறமைகளை: எப்போது சேமிப்பது, யாரை நம்புவது, எதிரியின் அச்சத்தை எப்படிப் படிப்பது. 1960 ரோம் ஒலிம்பிக்கிலிருந்து 1992 பார்சிலோனா வரை, நால்வர் ஒரே வரிசையில் 100 கிலோமீட்டர் ஓடும் அணி டைம் டிரயல் அமெச்சூர்களுக்கு இருந்தது. கூட்டாக ஓடுவது களங்கமாகக் கருதப்பட்ட ஒலிம்பிக்கிலேயே அதற்குத் தனிப் பதக்கம் கொடுக்கும் நிலை வந்தது.

எல்லாவற்றையும்விடக் கடினமான மறுப்பு 2021 டோக்கியோ. தொழில்முறை அணி ஒப்பந்தம் எதுவும் இல்லாத கணித ஆய்வாளரான ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர், 137 கிலோமீட்டர் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்றார். அவர் அணியில் வேறு யாரும் இல்லை. எதிரே நெதர்லாந்தின் நால்வர். அவர்களில் மூவர் உலகச் சாம்பியன் பட்டம் பெற்றவர்கள். அப்படியானால் அணியே வேண்டாமா? பந்தயத்தைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் விடை வேறாகிறது. கீசன்ஹோஃபர் புறப்பட்ட உடனே வேறு நாடுகளைச் சேர்ந்த நால்வரோடு முன்னே போனார். அவர்கள் முறைபோட்டு மிதித்ததில் பெருங்கூட்டத்தோடு இடைவெளி 10 நிமிடத்தைத் தாண்டியது. ஏறத்தாழ 41 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போதுதான் அவர் தனியே பிரிந்தார். பின்னாலோ, துரத்தும் செலவை யார் ஏற்பது என்பதில் பெரிய அணிகள் தயங்கின. ஒலிம்பிக்கில் காதுவானொலி கிடையாது. முன்னே ஒருவர் போய்விட்டதை அறியாமல், இரண்டாவதாக வந்த அன்னமீக் ஃபான் ஃப்ளூட்டன் வென்றதாகவே எண்ணிக் கைகளை உயர்த்தினார். அணியில்லாதவர், வழியில் கிடைத்தவர்களோடு ஓர் அணியைக் கட்டிக்கொண்டார். அணியிருந்தவர்கள் அணியாக ஓடவில்லை. டோக்கியோ என் வாதத்தை மறுக்கவில்லை, கூர்மையாக்குகிறது: ஒரே சட்டை அணிந்ததால் மட்டும் அணி அமைந்துவிடாது. முன்னால் வந்து மிதிக்கும் முறையை ஏற்கிறவர்களிடையேதான் அது அமைகிறது.

ஆகவே அமெச்சூர் கிளப்புகளில் இளைஞர்களைப் பழக்குகிறவர்கள் கால் வலுவோடு இதையும் பாடமாக்க வேண்டும். யாருக்காக உழைப்பது என்று புறப்படும் முன்பே பேசி முடிவு செய்யட்டும். சாலையில் நிலை மாறினால் அந்த முடிவை மாற்றும் துணிவும் பழகட்டும். பரிசளிப்பு மேடையில், வென்றவருக்காகக் காற்றை வாங்கியவர்களின் பெயரும் வாசிக்கப்படட்டும். தனி ஆளின் புகழுக்கென்று வகுத்த விதிகளையெல்லாம் மீறி இந்த விளையாட்டு வளர்ந்தது அவர்களால்தான். அதைச் சொல்லாமல் விடுகிற முடிவுப் பட்டியல் பந்தயத்தைப் பாதிதான் பதிவு செய்கிறது.