பிறர் கையிலிருந்த கயிறு

1946 ஆகஸ்ட் 27. தென்பிரான்சின் வோக்ளூஸ் ஊற்றில் இரண்டு பேர் இறங்கினார்கள். சுண்ணாம்புப் பாறைக் குன்றின் காலடியில் பசுமையாகத் தேங்கிக் கிடக்கும் அந்தக் குளம், மழைக்காலத்துக்குப் பின் திடீரெனப் பொங்கி ஆறாக ஓடும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, உள்ளே எவ்வளவு ஆழம் என்று தெரிந்துகொள்ளப் பல தலைமுறைகள் முயன்றிருந்தன. அன்று இறங்கியவர்களில் ஒருவர் ஜாக் குஸ்தோ. மற்றவர் அவருடைய நண்பர் ஃப்ரெடரிக் த்யூமா. கரையில் நின்று கயிற்றைப் பிடித்திருந்தவர் மோரிஸ் ஃபார்க்.

கயிற்றின் மொழி முன்பே பேசி வைக்கப்பட்டிருந்தது. ஒருமுறை சுண்டினால் சிக்கலை எடுத்துவிட வேண்டும். மூன்று முறை என்றால் இன்னும் கயிறு விட வேண்டும். ஆறு முறை என்றால் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி மேலே இழுக்க வேண்டும். ஆழத்தில் இருவருக்கும் தலை சுற்றியது. த்யூமா ஏறக்குறைய நினைவிழந்தார். கயிற்றைப் பற்றிக் கையால் ஏறிவிடலாம் என்று குஸ்தோ இழுக்க, கயிறு அவரை நோக்கி இறங்கி வந்தது. மேலேயிருந்த ஃபார்க், அவர்கள் இன்னும் உள்ளே போகிறார்கள் என்று எண்ணி, நம்பிக்கையோடு கயிற்றை விட்டுக்கொண்டேயிருந்தார். ஏதோ சரியில்லை என்று அவருக்கு உறைத்து, துணிந்து இழுத்த பிறகுதான் இருவரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். காற்றை அடைத்த இயந்திரம் தன் புகையையே உறிஞ்சி உருளைகளுக்குள் கார்பன் மோனாக்சைடை நிரப்பியிருந்தது பின்னால் தெரிந்தது. விஷம் காற்றில் இருந்தது உண்மை. ஆனால் அந்த ஆபத்தைக் கரைக்குச் சொல்ல வேண்டிய கயிறு நேர்மாறான செய்தியைச் சொன்னதும் உண்மை.

மறு ஆண்டு செப்டம்பரில் அதே ஃபார்க் கடலில் ஆழச் சாதனைக்காக இறங்கினார். கயிற்றின் வழியே அவர் தந்த சைகைகள் நின்றுபோயின. மேலேயிருந்தவர்கள் இழுத்து எடுத்தபோது காப்பாற்றும் கட்டம் கடந்துவிட்டது.

மேலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்ளும் கயிறு மிகப் பழைய ஏற்பாடு. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த குளியாட்கள் கல்லைக் கட்டிய கயிற்றில் கால் வைத்து இறங்கினார்கள். படகில் இருந்தவர் கயிற்றின் அசைவறிந்து அவர்களை மேலே இழுத்தார். திறந்த கடலில் அது பொருந்தும், ஏனென்றால் இழுக்கும் திசையும் பிழைக்கும் திசையும் ஒன்று. மேலே போனால் காற்று.

குகையில் மேலே பாறை.

ஒரு வளைவைத் தாண்டியதுமே கயிறு பாறை முனையில் உரசி நிற்கும். கீழே சுண்டுவது மேலே போய்ச் சேராது. இரண்டு வளைவுகள் தாண்டிவிட்டால், இழுக்கும் கயிறு மிகக் குறுகிய வெடிப்பைத் தேடி அதற்குள் புகுந்துகொள்ளும். கயிறு போகிற இடத்தில் ஆள் போக முடியாது. ஆகவே குகையில் இறங்குகிறவருக்குத் தேவைப்பட்டது அவரை இழுக்கும் கயிறு அல்ல. அவர் தாமே விரித்துக்கொண்டு போய், அசையாமல் கட்டி வைத்து, தாமே பிடித்துத் திரும்பும் கயிறு. சொல்ல எளிதாக இருக்கும் இந்த மாற்றம் நிகழச் சில பத்தாண்டுகளும் பல உயிர்களும் ஆயின.

இங்கிலாந்தில் அதன் தொடக்கத்தைப் பார்க்கலாம். சாமர்செட்டில் ஆக்ஸ் ஆறு வெளிப்படும் வூக்கி ஹோல் குகையில் 1935இல் கிரஹாம் பால்கோம், ஜாக் ஷெப்பர்ட் முதலானோர் இறங்கினார்கள். சீப் கார்மன் நிறுவனம் கடன் கொடுத்த செம்புத் தலைக்கவசமும் கனத்த காலணியும் அணிந்து ஆற்றின் தரையில் நடந்து போனார்கள். மூச்சுக்காற்று மேலேயிருந்து குழாய் வழியே வந்தது. எத்தனை தூரம் குழாயை இழுத்துக்கொண்டு நடக்க முடியுமோ அத்தனை தூரம்தான் ஆராய்ச்சி. குழாய்க்குக் கட்டுப்பட்டு ஏழாம் அறையோடு அவர்கள் நின்றார்கள்.

போருக்குப் பின் நிலைமை மாறியது. படையினர் பயன்படுத்திய ஆக்சிஜன் சுவாசக் கருவிகள் கிடைத்தன; குழாய் போயிற்று. குழாயோடு, திரும்பும் வழியைக் காட்டுவதும் போயிற்று. 1946இல் பால்கோம் உருவாக்கிய குகை நீர்மூழ்கிகள் குழு இந்தக் குறையை ஒரு விநோதமான கருவியால் நிரப்பியது. 'கயிறு விரிக்கவும் நீரடியில் வழியறியவுமான கருவி' என்ற நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து அதை 'அஃப்லோலான்' என்றார்கள். கயிற்றுச் சுருளும் விளக்கும் திசையறியும் கருவியும் சேர்ந்த சுமை அது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஆற்றடியில் நடந்தார்கள். இன்று உள்ளங்கையில் அடங்கும் ரீல் என்ற கயிற்றுச் சுருளுக்கு அதைத்தான் மூதாதை என்று சொல்ல வேண்டும். அதில்தான் கயிற்றின் சுருள் கரையில் நின்றவரிடமிருந்து இறங்கி, நீருக்குள் நடப்பவரின் கைக்கு வந்தது.

கயிறு ஏன் இத்தனை அவசியம் என்பது குகை நீரைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடாது. புளோரிடாவின் ஊற்றுகளில் தண்ணீர் கண்ணாடி. நுழைவாயிலில் நின்று பார்த்தால் உள்ளே வெகுதூரம் துல்லியமாகத் தெரியும். ஆனால் தரையில் மாவுபோல் படிந்திருக்கும் வண்டலைத் துடுப்புக்காலால் ஒருமுறை தட்டிவிட்டால் போதும். சில நொடிகளில் விளக்கு வெளிச்சமே கண்ணுக்கு எட்டாது. அந்த வண்டல் அடங்கச் சில வேளை மணிக்கணக்காகும். உருளையில் இருக்கும் காற்று அதுவரை காத்திராது.

1960களிலும் 70களிலும் புளோரிடாவின் ஊற்றுகளுக்குள் போய்த் திரும்பாதவர்கள் ஏராளம். அவர்களில் திறந்த கடலில் தேர்ந்த நீர்மூழ்கிகளும் பயிற்சியாளர்களும் இருந்தார்கள் என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. கடலில் கற்ற திறமை குகையில் தைரியத்தை மட்டும் தந்தது. ஆஸ்திரேலியாவிலும் அதே கதை: மவுன்ட் கேம்பியர் பகுதியின் நீர்நிறைந்த குகைகளில் 1969 முதல் 1974 வரை 11 பேர் இறந்தார்கள். மேய்ச்சல் நிலத்தில் ஆள் நுழையும் அளவே உள்ள ஒரு துளை, கீழே பெரிய மண்டபமாக விரியும் 'தி ஷாஃப்ட்' என்ற குகையில் 1973 மே மாதம் ஒரே நாளில் ஒன்பது பேர் இறங்கி, நால்வர் திரும்பவில்லை. அந்த ஆண்டே ஆஸ்திரேலியக் குகை நீர்மூழ்கிகள் சங்கம் தொடங்கி, தகுதி பார்த்து இறங்கவிடும் முறை வந்தது.

புளோரிடாவில் இந்தச் சாவுகளை உட்கார்ந்து படித்தவர் ஷெக் எக்ஸ்லி. பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்த ஆசிரியர். 1972இல், தம் இருபத்து மூன்றாம் வயதில், ஆயிரம் குகை மூழ்கல்களை எட்டிய முதல் மனிதர். விபத்து அறிக்கைகளைத் தொகுத்து, ஒவ்வொன்றிலும் எந்தக் கண்ணி அறுந்தது என்று தேடினார். 1979இல் வெளிவந்த அவருடைய 'பேசிக் கேவ் டைவிங்' என்ற சிறிய கையேட்டில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு விபத்தோடு தொடங்குகிறது. திரும்பத் திரும்ப வந்து நின்ற காரணங்கள் சிலவே. திறந்த நீரிலிருந்து அறுபடாமல் செல்லும் கயிறு இல்லாதது அவற்றில் முதன்மையானது. காற்றில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் உள்ளே போகச் செலவிடு, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு ஆபத்துக்கு என்ற விதியும் அந்த ஆய்வில்தான் வலுப்பெற்றது. உணர்ச்சியால் அல்லாமல் கணக்கால் உயிர்களைக் காத்த கையேடு அது. அளவில் சிறிதானாலும் நீர்மூழ்கல் வரலாற்றில் அதைவிடப் பயனுள்ள நூல்கள் குறைவு.

'அறுபடாமல்' என்ற சொல்லில்தான் வேலை அதிகம். கயிற்றின் முதல் முடிச்சைக் குகைக்கு வெளியே, நேராக மேலே போக முடிகிற இடத்தில் போட வேண்டும். அது அவிழ்ந்தாலும் தாங்குவதற்காக வாசலுக்குச் சற்று உள்ளே இரண்டாவது முடிச்சு. அதன்பின் பாறை முனைகளில் சுற்றிச் சுற்றி, தொய்வின்றி, வெடிப்புகளுக்குள் சரிந்துவிடாமல் விரித்துப் போக வேண்டும். கண் தெரியாமல் திரும்பும்போது கையால் தடவி வர இடம் இருக்கிறதா என்று உள்ளே போகும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கயிற்றுக்கு எந்தப் பொருள் என்பதும் அனுபவத்தில் முடிவானது. பாலிப்ரோப்பிலீன் மிதக்கும், குகைக்கூரையில் போய் ஒட்டும், அல்லது நடுநீரில் வளைந்து துடுப்பிலும் வால்விலும் மாட்டும். பின்னிய நைலான் மூழ்கும். அதனால் புளோரிடாவிலும் மெக்சிகோவிலும் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் தடிமன் உள்ள வெள்ளை நைலான் நிலைபெற்றது. குளிரும் கலங்கலும் வெள்ளமும் மிகுந்த பிரிட்டன் குகைகளில், கையுறை போட்ட விரலுக்குத் தட்டுப்பட வேண்டுமென்று தடித்த கயிற்றையே இறுக்கிக் கட்டி வைக்கிறார்கள். ஊருக்கு ஊர் தண்ணீர் வேறு, கயிறும் வேறு.

கயிறு கிடைத்தாலும் கேள்வி ஒன்று மிஞ்சியது. கண் தெரியாத கலங்கலில் கயிற்றைப் பிடித்துவிட்டவருக்கு எந்தப் பக்கம் வெளியே என்று எப்படித் தெரியும்? முதலில் துணிக்கிளிப்புகளை மாட்டிப் பார்த்தார்கள். அவை இடத்தைக் காட்டின, திசையைக் காட்டவில்லை. லூயிஸ் ஹோல்சன்டார்ஃப் என்ற நீர்மூழ்கி ஒட்டுப்பட்டையை முக்கோணமாக மடித்துக் கயிற்றில் ஒட்டி, கூர்முனை வாசலைக் காட்டும்படி வைத்தார். ஃபாரஸ்ட் வில்சன் அதையே பிளாஸ்டிக் அம்பாக்கி, கயிற்றில் சுற்றி மாட்டும்படி காடிகள் வெட்டினார். விரலால் தடவினாலே முனை எந்தப் பக்கம் என்று தெரியும். இன்று உலகெங்கும் குகைக்கயிறுகளில் இருப்பது இந்த அம்புதான். காசு அதிகம் பெறாத ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதன் பின்னாலிருக்கும் அக்கறையை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது.

ரீலின் வகைகள் இந்தத் தேவைகளிலிருந்தே பிரிந்தன. வாசலிலிருந்து குகைக்குள் நிரந்தரமாகக் கட்டியிருக்கும் கயிறு வரை விரிக்க ஏறக்குறைய 120 மீட்டர் கொண்ட முதன்மை ரீல். நிரந்தரக் கயிற்றிலிருந்து கிளைப்பாதைக்குத் தாவ, பதினைந்து இருபது மீட்டர் கொண்ட சிறியது. கயிறு தவறிவிட்டால் தேடுவதற்கென்று ஒவ்வொருவரும் தனியே வைத்திருக்கும் காப்பு ரீல், ஏறக்குறைய 45 மீட்டர். 1984இல் லமார் ஹைர்சும் மார்க் லெனர்டும் புளோரிடாவின் லேக் சிட்டியில் தொடங்கிய டைவ் ரைட் போன்ற நிறுவனங்கள், அதுவரை குகை நீர்மூழ்கிகள் தாங்களே செய்துகொண்ட சாமான்களைக் கடைச்சரக்காக்கின.

ரீல் வாங்குகிறவர் பார்க்க வேண்டியதும் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது. மூடிய ரீலில் கயிறு விளிம்பு தாண்டி அச்சில் சுற்றிக்கொண்டால், நீருக்குள் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. திறந்த ரீலில் சிக்கல் கண்ணுக்குத் தெரியும், விரலுக்கும் எட்டும். விளிம்புவரை திணித்து நிரப்பிய ரீல் முதல் தொய்விலேயே பறவைக்கூடுபோல் சிக்கிவிடும், ஆகவே கொள்ளளவைவிடக் குறைவாகச் சுற்றியிருப்பதே நல்லது. பூட்டும் திருகு கையுறையோடு திருகக்கூடியதாக இருக்க வேண்டும். ரீலையும் விளக்கையும் ஒரே கையில் பிடித்து, மற்றக் கையை மூச்சுக்கருவிக்காகக் காலியாக வைக்க முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். கைப்பிடியும் சுழற்றியும் இல்லாத வெறும் ஸ்பூல் சுற்றுவதற்கு மெதுவானது. ஆனால் பழுதாக அதில் எதுவுமில்லை. அதனால்தான் காப்புக்கும் கிளைத்தாவலுக்கும் பலர் ஸ்பூலையே விரும்புகிறார்கள்.

உயிர்காக்க வந்த கயிறு வரைபடமும் தந்தது. பத்தடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை விரித்துப் போனால், திரும்பும்போது முடிச்சுகளை எண்ணித் தூரமும் திசைகாட்டியால் திசையும் குறிக்கலாம். மெக்சிகோவின் துலும் அருகே ராபர்ட் ஷ்மிட்னர் தலைமையிலான குழு சாக் ஆக்டுன், டோஸ் ஓஹோஸ் ஆகிய இரண்டு குகைத் தொகுதிகளும் ஒன்றே என்று 2018 ஜனவரியில் அறிவித்தது. அன்றைய அளவில் மொத்தம் 347 கிலோமீட்டர். ஒவ்வொரு மீட்டரிலும் ஒருவர் நீந்தி ரீலிலிருந்து கயிறு விட்டிருக்கிறார். அதே பகுதியில் 2007இல் மூன்று நீர்மூழ்கிகள் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கயிறு விரித்துப் போனபோது தரை திடீரென மறைந்தது. ஓயோ நெக்ரோ என்று அவர்கள் பெயரிட்ட அந்தக் கரும்பள்ளத்தின் அடியில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு 12,000 ஆண்டுகளுக்கும் முந்தைய ஓர் இளம்பெண்ணின் எலும்புக்கூடு கிடந்தது. அமெரிக்கக் கண்டங்களின் முதல் மனிதர்களைப் பற்றிய ஆய்வில் அது முக்கியமான சான்றாயிற்று.

எக்ஸ்லியின் முடிவு குகையின் கிடைப்பாதையில் நேரவில்லை. 1994 ஏப்ரல் 6 அன்று மெக்சிகோவின் சகடோன் என்ற செங்குத்தான நீர்ப்பள்ளத்தில் 300 மீட்டருக்கும் கீழே போகும் முயற்சியில் இறந்தார். சில நாள் கழித்து இறங்குகயிறுகளை மேலே இழுத்தபோது அவர் உடலும் சேர்ந்து வந்தது.

அறுபடாத கயிறு என்ற முறையின் கடுமையான சோதனை 2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் நடந்தது. உள்ளே சிக்கியிருந்த 12 சிறுவர்களையும் அவர்கள் பயிற்சியாளரையும் தேடி, ஜான் வொலாந்தனும் ரிக் ஸ்டான்டனும் கயிறு விரித்துக்கொண்டே கலங்கல் நீரில் முன்னேறி, ஜூலை 2 அன்று அவர்களைக் கண்டார்கள். வெளியே கொண்டுவந்தபோது மீட்பவரின் ஒரு கை மயக்கத்திலிருந்த சிறுவன் மேல், மறு கை கயிற்றின் மேல். கடைசி நாளில் கிறிஸ் ஜூவலின் கையிலிருந்து கயிறு நழுவிவிட்டது. எதுவும் தெரியாத நீரில், சிறுவனைப் பிடித்தபடியே துழாவினார். அகப்பட்டது ஒரு மின்கம்பி. அதைப் பிடித்துப் போய்க் காற்றுள்ள ஓர் அறையில் எழுந்தார்; அங்கிருந்து மற்றவர்களின் உதவியோடு சிறுவன் பத்திரமாக வெளியே வந்தான்.

அதற்கு முந்தைய ஆண்டு ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில், சா பிகேட்டா குகைக்குள் நிலவியல் ஆசிரியர் சிஸ்கோ கிராசியாவும் நண்பரும் திரும்பும் வழியில் கயிற்றைத் தவறவிட்டார்கள். தடவித் தேடியதிலேயே காற்றில் பெரும்பகுதி தீர்ந்தது. மிஞ்சியது ஒருவருக்கே போதும் என்பதால் நண்பர் மாற்று வழியில் உதவிக்குப் போக, கிராசியா காற்றுப்பை உள்ள ஓர் அறையில், இருட்டில், 60 மணி நேரம் காத்திருந்து மீட்கப்பட்டார்.

குகைப் பயிற்சியில் முதல் பாடங்கள் தண்ணீரில் நடப்பதில்லை என்பதன் காரணம் இங்கே புரியும். மரங்களுக்கிடையே கயிறு கட்டி, கண்ணை மூடிக்கொண்டு மாணவர்களைத் தடவி நடக்க வைக்கிறார்கள். பிறகு கயிற்றிலிருந்து தள்ளி நிறுத்திவிடுகிறார்கள். மாணவர் காப்பு ரீலின் நுனியை அருகிலுள்ள எதிலாவது கட்டிவிட்டு, அதை விரித்துக்கொண்டு ஒரு திசையில் துழாவ வேண்டும். கிடைக்காவிட்டால் சுற்றிக்கொண்டே திரும்பி, அடுத்த திசையில் தொடங்க வேண்டும்.